மாபுபி வீட்டு ஃபிரிட்ஜ்

பெங்களூர்
2 ஜூலை 2018

நீலவ்வாவுக்கு,

அனுப்புநர் இடத்தில் பெயர் போடாமல் வந்த கவரைத் திறந்துவிட்டாய். பெயர் போட்டிருந்தால் நேராக அடுப்புக்குப் போயிருக்கும். உன் அண்ணன் பக்கீரப்பாதான். எரிப்பதென்றால் கடைசி வரி வரை படித்துவிட்டு எரி. காகிதம் எங்கும் ஓடிவிடாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், "இனிமே உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன், உன் குரலக் கேக்க மாட்டேன்" என்று பக்கீரேஸ்வர சுவாமி மேல் ஆணையிட்டுவிட்டு பஸ் ஏறினாய். எனக்கு வைத்திருப்பது அந்தச் சாமியின் பெயர். ஆக, குற்றவாளியும் நான், சாட்சியும் நான். போன் செய்தால் குரல், நேரில் வந்தால் முகம். கடுதாசிக்கு இரண்டும் இல்லை. ஆணையில் இப்படி ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருஷம் ஆனது. பள்ளிக்கூடத்திலும் நான் இந்த வேகம்தான், உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று உன் வீட்டைப் பார்த்தேன்.

நான் இப்போது ஒரு குழாய்க் கம்பெனியின் அறக்கட்டளை ஆபீசில் இருக்கிறேன். பதவியின் பெயர் ஆவண ஒருங்கிணைப்பாளர். ஃபைலில் ஓட்டை போட்டு, புகைப்படம் ஒட்டுகிற வேலை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு எம்.எஸ்ஸி., எம்.காம். படிக்க வருஷா வருஷம் கம்பெனி செலவு செய்கிறது. விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கு ஆள் போய்ப் பார்த்து, படம் எடுத்து, அறிக்கை கொடுப்பார்கள். இன்று காலை பசை தடவிய விரலோடு ஒரு படத்தைத் திருப்பினால், கோட்டு போட்டுக்கொண்டு உன் வீட்டுக்காரர் களகப்பா நிற்கிறார். துடைப்பத்தை விழுங்கியவர் மாதிரி. பக்கத்தில் நீ. உனக்கு முன்னால் வெள்ளித் தட்டு. பின்னால் சோபா. மூலையில் ஃபிரிட்ஜ்.

ஃபைலின் மேல் கஸ்தூரியின் பெயர். தார்வாடில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சீட்டு கிடைத்திருக்கிறதாம். எனக்கு இது ஃபைல் சொல்லித்தான் தெரிகிறது.

அறிக்கையின் கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: "உபசரிப்பு மிகச் சிறப்பு. வீட்டில் ஃபிரிட்ஜ், சோபா, வெள்ளிப் பாத்திரம் உள்ளன. உதவி தேவைப்படும் குடும்பமாகத் தெரியவில்லை. நிராகரிக்கப் பரிந்துரை."

கமிட்டி 20ஆம் தேதி கூடுகிறது. அதற்குப் பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. நீலவ்வா, அந்த ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கிளி ஸ்டிக்கர் இருக்கிறது. லீவுக்கு வந்தபோது என் மகள் வித்யா ஒட்டிய கிளி. அது பக்கத்து வீட்டு மாபுபியின் ஃபிரிட்ஜ். எதற்காக இப்படிச் செய்தாய்?

உன் அண்ணன்
பக்கீரப்பா


முண்டரகி
6 ஜூலை 2018

பெங்களூர் பக்கீரப்பா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் க்ஷேமம். அங்கேயும் அப்படித்தான் இருப்பீர்கள், கேட்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டுப் படத்தைப் பார்க்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? சம்பளத்துக்குப் பார்த்தீர்கள் என்றால் சரி. பார்த்தீர்கள், ஒட்டினீர்கள். அதோடு விட்டிருக்க வேண்டும்.

எதற்காகச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். பெரிய கம்பெனியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள் என்று கடிதம் வந்தால் வேறென்ன செய்வார்கள்? எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் மாபுபி அக்கா ஃபிரிட்ஜ் போகும், வக்கீல் தேசாயி வீட்டு சோபா போகும். நேற்று முளைத்த வழக்கமா இது? நீங்கள் பிறந்த தெருதானே. பெங்களூர்த் தண்ணீர் குடித்தால் இதுகூட மறந்துபோகுமா?

வந்த பெண் பெயர் ரித்திகா. சின்னப் பெண். வெயிலில் முகம் சிவந்து வந்தாள். மூன்று இனிப்பு ஹோளிகை வைத்து, நெய் ஊற்றினேன். அது தப்பா? வீடு தேடி வந்தவர்களுக்கு மிளகாய்ச் சட்னியும் நேற்றைய ரொட்டியும் வைத்து, எங்களைப் பாருங்கள், நாங்கள் இப்படித்தான் என்று காட்டியிருக்க வேண்டுமா?

கஸ்தூரிக்கு இதில் சம்பந்தமில்லை. அவள் அன்று பரீட்சைச் சான்றிதழ் வாங்க கதக் போயிருந்தாள். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. அது எங்கள் வீட்டு விஷயம்.

இனி எழுத வேண்டாம்.

நீலவ்வா களகப்பா


பெங்களூர்
9 ஜூலை 2018

நீலவ்வாவுக்கு,

எழுத வேண்டாம் என்று நாலு பக்கக் காகிதத்தில் எழுதியிருக்கிறாய். நான் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

மாபுபியின் ஃபிரிட்ஜைப் பற்றி எனக்கு மறந்துபோகுமா? என் கணக்கில் அது ஒன்பது பெண் பார்க்கும் சடங்குக்குப் போயிருக்கிறது. அதில் ஏழு கல்யாணமாக முடிந்தது. நம் ஜில்லாவின் எந்தத் தரகருக்கும் அந்த ராசி இல்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவன் வசதியைப் பார்த்தால் தலையாட்டுவான். இங்கே வருகிறவன் வசதியைப் பார்த்தால் தலையை வெட்டுவான். வீடு ஒன்றுதான், பார்க்கிற கண் வேறு. இதை உனக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் என் வருத்தம். இருந்திருக்க வேண்டிய ஆள் ஃபைலில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

பூதக்கண்ணாடி வைத்துப் படத்தைப் பார்த்தேன். ஃபிரிட்ஜின் பிளக் சுருட்டி அதன் தலையிலேயே வைத்திருக்கிறது. ஃபைலில் உன் கரண்ட் பில்லும் இருக்கிறது. பாக்ய ஜோதி, ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற ஒற்றை பல்பு இணைப்பு. ஒரு பல்பு எரிகிற வீட்டில் ஃபிரிட்ஜ் எப்படி ஓடும் என்று எம்.எஸ்.டபிள்யூ. படித்த ரித்திகாவுக்குத் தோன்றவில்லை. ஹோளிகை வாயை மட்டுமல்ல, கண்ணையும் அடைத்துவிட்டது.

ஆகவே ஒரு வழி இருக்கிறது. எந்தச் சாமான் யாருடையது என்று வரிசையாக எழுதி, நீயும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு, நேராகக் கமிட்டி தலைவர் காமத் மேடம் பெயருக்கு அனுப்பு. தபாலில் வந்ததாக நானே மேலே வைத்துவிடுவேன். என் பெயர் எங்கும் வர வேண்டாம். காரணம் சொல்கிறேன், கோபப்படாதே.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: "எங்கள் நிறுவனத்தில் உறவினர் யாராவது பணியில் உள்ளார்களா?" கஸ்தூரியின் கையெழுத்தில், அழகாக, "இல்லை" என்று இருக்கிறது. நானும் ஏப்ரலில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்: "என் உறவினர் யாரும் விண்ணப்பிக்கவில்லை." தெரியாமல் போட்டதுதான். ஆனால் தெரிந்து ஒரு வாரம் ஆகிறது, வாய் திறக்கவில்லை. வெளியே வந்தால் பொய்த் தகவல் என்று அவள் விண்ணப்பம் ரத்தாகலாம். என் வேலையும் போகலாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, தொழில் தெரிந்தது ஓட்டை போட மட்டும்.

அந்த "இல்லை"யைப் பார்த்து எனக்கு வருத்தமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை.

உன் அண்ணன்


முண்டரகி
13 ஜூலை 2018

பக்கீரப்பா அவர்களுக்கு,

"இல்லை" என்று எழுதச் சொன்னது நான். கஸ்தூரி, "மாமா அந்தக் கம்பெனியிலதானே இருக்காரு?" என்று கேட்டாள். "நமக்கு அங்க யாரும் இல்லடி, எழுது" என்றேன். அது பொய்யா? கணக்கைத் தொடங்கி வைத்தது நீங்கள்.

உங்கள் பெயர் எங்கும் வரக்கூடாதாம். படித்ததும் சிரிப்பு வந்தது. அன்றைக்கும் இதுதானே. அன்று என் பெயர் வராமல் பார்த்துக்கொண்டீர்கள். இன்று உங்கள் பெயர்.

மறந்திருந்தால் எழுதுகிறேன், ஃபைலில் ஒட்டி வையுங்கள். வித்யாவின் நிச்சயதார்த்தம். தாவணகெரேயிலிருந்து அரிசி மில்காரர்கள் இரண்டு காரில் வந்தார்கள். நான் முந்தின நாளே வந்து எழுபது பேருக்கு மாவு பிசைந்தேன். தோய்த்த புடவை காயவில்லை என்று பழைய புடவையில் கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். சம்பந்தியம்மா கேட்டாள், "யாரு இவங்க?" நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் புடவையைப் பார்த்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள், "சமையலுக்கு உதவியா வந்தவங்க."

சொம்பு என் கையில் இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாக நினைக்கிறேன்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். இனி என் வீட்டு வாசலை மிதிக்கிற எவரும் என்னைப் பார்த்து "யாரு இவங்க" என்று கேட்கக்கூடாது. அதற்குத்தான் ஃபிரிட்ஜ். அதற்குத்தான் அவருக்குக் கோட்டு. முதுகு போய் மூட்டை தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அரை மணி நேரம் கோட்டு மாட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தார். துடைப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது நானே கையெழுத்துப் போட்டு, இதெல்லாம் என்னுடையதில்லை, நான் பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்குச் சமைக்கிறவள் என்று பெங்களூர் மேடத்துக்கு எழுத வேண்டுமா? ஜெயித்த பிள்ளைகளை மேடையில் நிறுத்தி, ஆளுயரத்துக்குப் பேங்க் செக் அட்டை கொடுத்து, அப்பா அம்மாவை மைக்கில் பேசச் சொல்வார்களாமே. என்ன பேச? கோட்டு யாருடையது என்றா?

கஸ்தூரிக்குக் கொப்பளத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. சொந்த டிராக்டர். ஆஷாட மாசம் முடிந்ததும் பேசலாம் என்கிறார்கள். படிப்பு நடக்கவில்லை என்றால் அதுதான்.

நான் எழுதித் தர மாட்டேன்.

நீலவ்வா


பெங்களூர்
16 ஜூலை 2018

நீலவ்வா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலில் இரண்டு சிரிப்பு இருந்தது. அடுத்ததில் ஒன்று. இதில் இல்லை.

அன்றைக்கு நீ சொன்னது அப்படியே நடந்தது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர்கள் காரைப் பார்த்துப் பயந்தேன். கல்யாணம் தட்டிவிடுமோ என்று பயந்தேன். அதற்கு மேல் எனக்குக் காரணம் கிடையாது. மில்லும் மூன்று வருஷத்தில் வங்கிக்குப் போனது, சம்பந்தியம்மா இப்போது பெங்களூரில், என் வீட்டு வாஷிங் மெஷினைத்தான் பயன்படுத்துகிறாள். அதை உன்னிடம் சொல்லிச் சிரிக்க ஆளில்லாமல் நாலு வருஷம் போனது. சரி, ஒரு சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துவிடு. மாப்பிள்ளையிடம் துடைப்பத்துக்கும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இப்போது கேள். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கமிட்டி. நான் உள்ளே போய், அந்த ஃபைலில் இருப்பவள் என் தங்கை என்று சொல்லத் தீர்மானித்துவிட்டேன். ஆனால் அது கஸ்தூரியை இரண்டு பக்கமும் வெட்டக்கூடிய கத்தி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த வருஷம் மட்டும் போகும், அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம். வாயைத் திறந்து அவர்கள் பொய்த் தகவல் என்று முடிவெடுத்தால், இனி எப்போதும் விண்ணப்பிக்க முடியாது. தார்வாடில் சேர ஆகஸ்ட் எட்டு கடைசி நாள். டிராக்டரும் அதுவரைதான் நிற்கும்.

வெறும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்தத் தாள் வேண்டும். அவள் எதிர்காலத்தை வைத்து நான் சூதாட முடியாது, நீதான் சொல்ல வேண்டும். தபாலுக்கு நேரமில்லை. வியாழன் சாயந்திர பஸ்ஸில் கண்டக்டர் ஈரண்ணா வருவார், அவர் கையில் கொடு. வெள்ளி காலை ஆறு மணிக்கு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நிற்பேன்.

தாள் வந்தால் உள்ளே போவேன். வராவிட்டால் உன் பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டு, ஃபைலைக் கட்டி மேலே வைத்துவிடுவேன். உன் மேல் குறை சொல்ல மாட்டேன்.

பக்கீரப்பா


முண்டரகி
19 ஜூலை 2018, வியாழன்

பக்கீரப்பா அவர்களுக்கு,

ஈரண்ணா ஹாரன் அடிக்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் மடித்து டப்பாவில் வைத்தேன். கஸ்தூரி எடுத்துப் படித்துவிட்டாள். பழைய கடிதங்களையும். மூன்று வாரமாகப் பேசாதவள் வந்து நின்றாள். "அம்மா, மானம் உனக்கு வேணும்னா நீ வச்சுக்கோ. எனக்கு கெமிஸ்ட்ரி போதும்" என்றாள். "நிரந்தரமா அடைச்சிருவாங்களாம்டி" என்றேன். "இப்ப மட்டும் எங்க திறந்திருக்கு?" என்றாள். வாயைப் பாருங்கள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

தாளை அவள் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல. ஃபிரிட்ஜ், மாபுபி. சோபா, வக்கீல் தேசாயி. வெள்ளித் தட்டு, அவர் மனைவியின் சீர். கோட்டு, பேண்டு வாத்தியக்காரர் மரியப்பா. சுவர்க்கடிகாரம், பள்ளிக்கூடம் (திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தாகிவிட்டது). சர்க்கரை, நெய், பாதி மாபுபி. எங்களுடையது என்ன என்று கேட்டாள். பல்பு என்றேன். அதையும் எழுதினாள். மாபுபி அக்கா தானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

கீழே ஒரு வரி அவளாகச் சேர்த்திருக்கிறாள். "உறவினர் இல்லை என்று எழுதியது தவறு. தாய்மாமா உண்டு." அதைக் கோடு போட்டு அடிக்க நான் சொல்லவில்லை.

கையெழுத்துக் கோணலாக இருக்கிறது, அது என்னுடையதுதான் என்று சொல்லுங்கள்.

நீலவ்வா


பெங்களூர்
21 ஜூலை 2018

நீலவ்வாவுக்கு,

ஐந்து மணிக்கே போய் நின்றுவிட்டேன். பஸ் ஏழேகாலுக்கு வந்தது. அந்த நேரத்தில் நான் பக்கீரேஸ்வரருக்கு என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று பட்டியல் போட்டால் இன்னொரு அறக்கட்டளைதான் வேண்டும்.

பதினோரு மணி. அறையில் காமத் மேடம். பணியாளர் துறை ஷெனாய், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு. ரித்திகா. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், வழக்கம்போல் தூங்கிக்கொண்டு. டீ ஊற்ற வந்த சன்னப்பா, என்னைவிட நாலு வருஷம் மூத்தவர். கஸ்தூரியின் ஃபைல் பதினேழாவது. ஷெனாய் "ரிஜெக்ட்" என்று பக்கத்தைப் புரட்டினார். நான் அறைக்குள் பேசியதே இல்லை. ஃபைலைக் கொடுப்பேன், வாங்குவேன். அன்று, "சார், ஒரு நிமிஷம்" என்றது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

தாளை மேஜை மேல் வைத்தேன். காமத் மேடம் படித்தார். இரண்டு முறை. அப்புறம் நிமிர்ந்து கேட்டார், "பக்கீரப்பா, யாரு இவங்க உங்களுக்கு?"

நீலவ்வா, அதே கேள்வி. சாமிக்குக் கிண்டல் புத்தி உண்டு என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

"என் தங்கச்சி மேடம். கூடப் பொறந்தவ" என்றேன். "மதிய உணவுக்குச் சமைக்கிறா. அவ வீட்ல ஒரு பல்புதான்."

ஷெனாய் குதித்தார். "அப்ப ரெண்டு பக்கமும் பொய்யா? நீங்க இல்லைனு கையெழுத்து, அவங்க இல்லைனு கையெழுத்து." மேடம் கையைத் தூக்கி அவரை நிறுத்திவிட்டு, "ஏன் இல்லைன்னு போட்டாங்க?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். காரைச் சொன்னேன், புடவையைச் சொன்னேன், சொம்பைச் சொன்னேன். ஏழு வருஷமாக என் மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லாததை டீ ஆறுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்தேன். சன்னப்பா கெட்டிலைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ரித்திகா தலையைக் குனிந்துகொண்டு, "நான் பிளக்கைப் பாக்கல மேடம்" என்றாள். "அந்தம்மா போடப் போடச் சாப்ட்டுட்டு வந்து அதையே அவங்களுக்கு எதிரா எழுதிட்டேன்."

பேராசிரியர் ஒரு குறட்டை விட்டார். பிறகு மேடம் சொன்னார், மறுபடி ஒரு வீட்டு விசாரணை, முன்னறிவிப்பு இல்லாமல், அதற்கப்புறம்தான் முடிவு. தள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. என்னிடமிருந்து ஃபைல்களை எடுத்துவிட்டார்கள். இனி நான் தபால் பிரிக்கும் மேஜையில். என் வேலை ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிப்பீர்களா என்று ஷெனாயைக் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். இந்த ஊரில் "பாக்கலாம்" என்றால் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று அர்த்தம்.

எப்போது வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று, காலில் விழுந்து கேட்கிறேன். மாபுபி கதவைப் பூட்டிக்கொண்டு எங்காவது போகட்டும்.

உன் அண்ணன்


முண்டரகி
3 ஆகஸ்ட் 2018

அண்ணா,

அவர்கள் போன வியாழக்கிழமை வந்தார்கள். ரித்திகாவும், கூட காமத் மேடமும். அந்த அம்மாளே வருவாள் என்று யார் நினைத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் சமையல் முடித்து, சாம்பார் வாடையோடு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அதே பழைய புடவை. ஆமாம், அதேதான், இன்னும் கிழியவில்லை.

தெருவே எட்டிப் பார்த்தது. தேசாயி வீட்டு ஆள் சோபாவின் ஒரு முனையைத் தூக்கியேவிட்டான். மாபுபி அக்கா, "கீழ வைடா பாவி, அந்தப் பொண்ணு படிக்கணும்" என்று கத்தினாள். அவர்கள் காதில் விழாமல் இருக்குமா? விழுந்தது.

பாயை விரித்தேன். உட்கார்ந்தார்கள். ரொட்டி, பருப்பு, மிளகாய்ச் சட்னி. என் உயிர் என்னிடம் இல்லை. ரித்திகா பேனாவை எடுத்தாள். நான் சொன்னேன், "டீக்குச் சர்க்கரை மட்டும் பக்கத்து வீட்ல வாங்கினது. எழுதிக்கம்மா, அப்புறம் பொய் சொன்னேன்னு வரக்கூடாது." அவள் எழுதவில்லை. இரண்டாவது ரொட்டி கேட்டாள்.

மேடம் பல்பைப் பார்த்தார். கஸ்தூரியிடம் கெமிஸ்ட்ரியில் என்னவோ கேட்டார், அவள் என்னவோ சொன்னாள், இருவருக்கும் புரிந்தது. எழுந்திருக்கும்போது நான் மேடைச் செக் விஷயத்தைக் கேட்டேவிட்டேன். "எங்க வீட்டுக்காரர மைக்ல பேசச் சொல்லுவீங்களா?" மேடம் யோசித்தார். "அந்த அட்டையப் புடிச்சு நிக்கறதுக்கு எனக்கே வெக்கமா இருக்கும்மா. வேண்டாம்னா வராதீங்க" என்றார்.

நேற்று கடிதம் வந்தது. இரண்டு வருஷமும் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம். பின்குறிப்பில் கஸ்தூரிக்கு ஓர் எச்சரிக்கை, இனி படிவத்தில் தவறான தகவல் தரக்கூடாது என்று. அதைப் படித்து அவள் அரை மணி நேரம் சிரித்தாள். திங்கட்கிழமை தார்வாடு போய்ச் சேர்கிறோம். டிராக்டர்காரர்களுக்கு என் வீட்டுக்காரரே போன் போட்டுச் சொல்லிவிட்டார், கோட்டு இல்லாமலே.

உன் வேலை என்ன ஆகுமோ என்று எனக்குத் தூக்கமில்லை. போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் பெண்ணுக்காகப் போகிற வேலை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் இட்ட ஆணையில் பாதிதான் உன் காதில் விழுந்தது. மீதியை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னேன். "நாலு பேரு முன்னாடி என்னைத் தங்கச்சின்னு சொல்ற வரைக்கும்" என்று. சாமிக்குக் கேட்டிருக்கும். உனக்குச் சொல்லக்கூடாது என்று இருந்தேன். சொல்லிக் கேட்டு வாங்கினால் அது என்ன உறவு?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன். மேடம் ஒன்று. ஷெனாய் இரண்டு. ரித்திகா மூன்று. கெட்டிலோடு நின்ற சன்னப்பா நாலு. தூங்கினவரைச் சேர்க்கவில்லை. சாமி காரியத்தில் கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

பதினைந்தாம் தேதி நாக பஞ்சமி. தெருவில் எல்லார் வீட்டுக்கும் அண்ணன் தம்பிகள் பிறந்த வீட்டுக்கு அழைக்க வருவார்கள். ஏழு வருஷமாக அன்றைக்கு நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பேன், தலைவலி என்று. இந்த முறை திறந்து வைப்பேன். வந்து கூட்டிக்கொண்டு போ.

ஃபிரிட்ஜ் இருக்காது. தண்ணீர் பானையில்தான்.

நீலவ்வா